மகிழ்ச்சி அதிகாரி

அன்றைக்கு அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். யாருக்கும் பிறந்த நாள் இல்லை. ஓர் எண் குறைந்திருந்தது, அதற்குத்தான் கேக். நோயாளியை ஏற்றிக்கொள்ள வண்டி ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடக்கும் நேரம் சராசரியாகப் பத்தொன்பது நிமிடமாக இருந்தது. மூன்றே மாதத்தில் மூன்று நிமிடமாக இறங்கிவிட்டதாம். கண்ணாடிச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மூன்றை எழுதி, சுற்றிலும் நட்சத்திரம் வரைந்திருந்தார்கள். இருபத்தாறு வயது நிறுவனர் நாற்காலிமேல் ஏறி நின்று, "இது வெறும் நம்பர் இல்ல, இது மனுஷங்க" என்று உருகிச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் சொன்ன மனுஷங்களில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. அவர்களுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அங்கே இருந்த ஒரே ஆள் அக்காதான்.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அந்த அலுவலகத்தில் அவளுக்கு அடுத்தபடியாக மூத்தவருக்கு முப்பத்தொன்று. கழுத்தில் தொங்கும் அட்டையில் 'தலைமை மகிழ்ச்சி அதிகாரி' என்று போட்டிருந்தது. யாருடைய மகிழ்ச்சிக்கு அதிகாரி என்று அவள் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். எல்லோருடைய மகிழ்ச்சிக்கும் என்றார்கள். அவளுடைய மகிழ்ச்சிக்கு ஒரு சாதாரண மர நாற்காலி போதும். ஆனால் அங்கே உட்கார்வதற்கு என்று இருந்தவை எல்லாம் பஞ்சு மூட்டைகள். உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். முழங்கால் வலிக்காரி எழுந்திருக்க ரெண்டு பேர் கை கொடுக்க வேண்டும். அதனால் பெரும்பாலும் நின்றுகொண்டே மகிழ்ச்சியாக இருந்தாள்.

இதற்கு முன்னால் பதினான்கு வருஷம் அவள் உட்கார்ந்திருந்த இடம் ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில், டயாலிசிஸ் வார்டு வாசலில். ஓர் இரும்பு மேஜை, ஒரு போன், ஒரு நாற்காலி. உள்ளே பன்னிரண்டு மெஷின். சிறுநீரகம் கைவிட்ட மனிதர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து, கையில் ரெண்டு ஊசியைக் குத்திக்கொண்டு, நாலு மணி நேரம் அசையாமல் படுத்திருப்பார்கள். அவர்களின் ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். பிறகு வீட்டுக்குப் போக வேண்டும். அந்தக் கடைசி வேலைதான் அக்காவுடையது. பதினோரு டிரைவர்கள், அறுபத்துச் சொச்சம் நோயாளிகள், யாரை எந்த வண்டியில் எப்போது ஏற்றுவது என்பது அவள் தலைக்குள் இருந்தது.

எப்போது என்பதுதான் விஷயமே. பதினோரு மணிக்கு மெஷின் நின்றுவிடும், மனிதன் அப்போதே எழுந்து நின்றுவிட மாட்டான். ஊசியை எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் பஞ்சை வைத்துக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ரத்தம் நிற்கும்வரை. சிலருக்குப் பத்து நிமிடம். டீச்சரம்மாவுக்கு முப்பத்தைந்து. அப்புறம் எடை பார்க்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், செருப்பைத் தேட வேண்டும். தையல்காரருக்கு எழுந்ததும் தலை சுற்றும், கால் மணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், வண்டியில் முன்சீட்டு வேண்டும். ஒரு மாமனும் மச்சானும் ஒரே ஷிஃப்டில் இருந்தார்கள். ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ரெண்டு பேரையும் ஒரே வண்டியில் போட்டால் வண்டி வீடு போய்ச் சேராது. இதையெல்லாம் அக்காவிடம் யாரும் பாடம் நடத்திச் சொல்லவில்லை. வாசலில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், பார்த்தாள், தெரிந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒன்பதாம் நம்பர் மெஷினுக்கு அவளுடைய புருஷனே வந்து சேர்ந்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு முதல் பதினொன்று. "ஆயுசு முழுக்க மத்தவங்களை இறக்கிவிட்டேன், இப்ப என்னை ஒரு மெஷின் இறக்கி விடுது" என்பார். அவருக்கு ரத்தம் நிற்க இருபது நிமிடம் ஆகும். அவருடைய வண்டியைப் பதினொன்றரைக்கு வரச் சொல்லுவாள்.

இப்படி ஏதோ நடந்துகொண்டிருந்த இடத்துக்குத்தான் மூன்று பேர் வந்தார்கள். மூவர் காலிலும் ஒரே மாதிரி வெள்ளை ஷூ. "நாங்க இந்தப் பிரச்சினையை சால்வ் பண்ண வந்திருக்கோம்" என்றார் நிறுவனர்.

"எந்தப் பிரச்சினையைத் தம்பி?" என்று அக்கா உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள்.

"உங்களைத்தான் அக்கா" என்றார் அவர், சிரித்த முகமாக. "ஐ மீன், எல்லாமே உங்க ஒருத்தர் தலையில இருக்கு பாருங்க. அது ஸ்கேல் ஆகாது, பெரிசாக்க முடியாது."

மூன்று நாள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். மடிக்கணினியில் தட்டினார்கள், படம் எடுத்தார்கள், 'வாவ்' என்றார்கள். வார்டுக்குள் போகத்தான் முடியவில்லை. முதல் நாள் ஒருத்தர் எட்டிப் பார்த்து, குழாயில் ஓடும் ரத்தத்தைக் கண்டு, அங்கேயே சுருண்டு விழுந்தார். சிஸ்டர் அவருக்கு ஒரு கட்டில் கொடுத்தார். அதன் பிறகு யாரும் உள்ளே போகவில்லை. கதவுக்கு வெளியே மாட்டியிருந்த போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்: முதல் ஷிஃப்ட், ஏழு முதல் பதினொன்று. ஆகவே வண்டி பதினொன்றுக்கு. மனித குலத்தின் பெரிய சட்டங்கள் பலவும் இப்படித்தான் கதவுக்கு வெளியே நின்று எழுதப்பட்டிருக்கும் போல.

அவர்கள் செய்த செயலி வழியாக நோயாளிகளுக்கு வண்டி வர ஆரம்பித்தது. பொய் சொல்லக் கூடாது, முதல் வருஷம் எல்லோருக்கும் நல்ல காலம்தான். கம்பெனிக்கு எங்கிருந்தோ பணம் கொட்டியது, யாரோ முதலீட்டாளர்கள் கொடுத்தார்களாம், நோயாளிகளிடம் ஒரு காசு வாங்கவில்லை. ஊருக்கு வெளியே செங்கல் சூளைக்கு அப்பாலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்த டீச்சரம்மா குளிரூட்டிய காரில் வந்து இறங்கினார். வராமல் விட்டுவிடுவதே வழக்கமாக இருந்த நாலு பேர் ஒழுங்காக வர ஆரம்பித்தார்கள். அவர்களில் ரெண்டு பேர் அதனால்தான் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அக்காவே பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். டிரைவர்களுக்கும் கூடுதல் வருமானம். பதினோரு பேரும் அந்தப் பக்கம் போனார்கள். ஆஸ்பத்திரி தானும் நவீனமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு, அவளுடைய இரும்பு மேஜையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தண்ணீர் மெஷின் வைத்தது. மேஜை போன மறுவாரம் கம்பெனியே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. நல்ல சம்பளம். புருஷன் வைத்தியத்துக்கு இன்ஷூரன்ஸ் வேறு. வேண்டாம் என்று சொல்ல அவள் என்ன பைத்தியமா?

சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட்டாள். "பதினொண்ணுக்கு வண்டி வந்தா யாரும் வாசல்ல இருக்க மாட்டாங்க. பதினொன்றரைக்கு அனுப்புங்க. டீச்சரம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி."

புரோகிராம் எழுதும், மூக்குக் கண்ணாடி போட்ட பெண் அதைக் கவனமாக ஒரு மஞ்சள் தாளில் எழுதி, 'எட்ஜ் கேஸ்' என்ற தலைப்புக்குக் கீழே சுவரில் ஒட்டினாள். எப்போதாவது யாரோ ஒருத்தருக்கு நடப்பது என்று அதற்கு அர்த்தமாம்.

"எல்லாருக்கும் தினமும் நடக்கறது எப்படிம்மா எப்போதாவது ஆகும்?"

"டேட்டால இன்னும் வரலையே அக்கா" என்றாள் கண்ணாடிப் பெண். நல்ல பெண்தான். கணக்கில் புலி. ஆளுக்கொரு நேரம் என்று வைத்தால் ஸ்கேல் ஆகாது என்று அவளுக்கு மேலே சொல்லியிருந்தார்கள்.

பிறகு, கேக்குக்கு மூன்று மாதம் முன்னால், வண்டி வாசலில் நிற்கும் நேரத்துக்கு வரம்பு வந்தது; முதலில் இருபது நிமிடம், படிப்படியாகக் குறைத்து ஐந்து நிமிடம். ஆள் வரவில்லை என்றால் அவர் பெயருக்கு எதிரே சிவப்பாக 'வரவில்லை' என்று விழும், வண்டி போய்விடும். மூன்று சிவப்பு விழுந்தால் பதினைந்து நாளைக்கு அவருக்கு வண்டி கிடையாது. 'உங்களை மிஸ் பண்ணுவோம்!' என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு செய்தி மட்டும் வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் சுத்தம் பண்ணாவிட்டால் மூச்சு முட்டிப் போகிற ஆளுக்குப் பதினைந்து நாள். ஆரம்பத்தில் சிவப்பு மழையாகக் கொட்டியது. அக்கா கத்தினாள். கொஞ்சம் பொறுங்கள், யூசர்கள் பழகிக்கொள்வார்கள் என்றார்கள். அதே மாதிரி பழகிக்கொண்டார்கள். சிவப்பு குறைந்தது. பத்தொன்பது பதினொன்றாகி, ஏழாகி, மூன்றாகி, கேக் வந்தது.

எப்படிக் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை, அதுதான் பிற்பாடு அவள் நெஞ்சை அறுத்தது. கேக்கில் ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, "நம்ம நம்பர் மூணுக்கு வந்திருக்கு" என்று புருஷனிடம் பெருமை பிடிபடாமல் சொன்னாள். நம்ம நம்பர்!

"அடேங்கப்பா" என்றார் கண்டக்டர்.

"அடுத்த வியாழக்கிழமை பெரிய முதலீட்டாளருங்க வர்றாங்க. ஹால்ல பெரிய திரை வைக்கிறாங்க. நம்ம வண்டிங்க எங்கெங்க போகுதுன்னு மேப்ல நேரடியா ஓடும். அதுல உங்க வண்டியைத்தான் காட்டப் போறாங்க. பதினொரு மணிக்கு வாசல்ல வண்டி வந்து நிக்கறது, நீங்க ஏறினதும் புள்ளி பச்சையாகி நகர்றது, எல்லாம். அதுக்கப்புறம் நான் மேடையில ரெண்டு வார்த்தை பேசணும்."

"முப்பது வருஷம் பஸ்ல தொங்கினேன், என் மூஞ்சியை ஒருத்தனும் படம் பிடிக்கல. இப்ப புள்ளியைக் காட்டப் போறாங்களா? காட்டட்டும், காட்டட்டும்" என்றார் அவர். கேக்கை வாயில் போட்டுக்கொண்டு, காலைக் கட்டிலுக்குக் கீழே இழுத்துக்கொண்டார். அதை அவள் பார்த்தாள், ஆனால் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வார்டு சிஸ்டர் போன் செய்தார்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் எடை இறங்கவே மாட்டேங்குது. மூணு கிலோ தண்ணி உடம்புலயே நிக்குது. கால் எப்படி வீங்கியிருக்கு பாத்தீங்களா?"

"ஏன் சிஸ்டர், மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"மெஷின் என்ன பண்ணும்? ஆள் உட்கார்ந்தாத்தானே? பத்து இருபதுக்கே எடுத்துவிடு எடுத்துவிடுன்னு உயிரை வாங்கறாங்க. இவர் மட்டும் இல்ல, ஷிஃப்ட் முழுக்க. அப்ப எடுத்தாத்தான் பதினொண்ணுக்கு வாசல்ல நிக்க முடியுமாம், இல்லைன்னா வண்டி போயிடுமாம். எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு இறங்கிடறாங்க. டாக்டர் தொண்டை தண்ணி வத்தத் திட்டறார். உங்க கம்பெனிதானே அக்கா? உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அக்கா பஞ்சு மூட்டையில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே கண்ணாடிச் சுவரில் அந்தப் பெரிய மூன்று. நாலு மணி நேரம் சுத்தமாக வேண்டிய ரத்தம் மூன்று மணி இருபது நிமிடம்தான் சுத்தமாகிறது. மிச்சம் நாற்பது நிமிடத்து அழுக்கை அப்படியே உடம்பில் வைத்துக்கொண்டு, பஞ்சு வைத்த கையை அமுக்கிக்கொண்டு, பன்னிரண்டு பேர் வாசலுக்கு ஓடுகிறார்கள். அதற்குத்தான் நட்சத்திரம் வரைந்திருக்கிறார்கள். அதற்குத்தான் அவள் கேக் தின்றாள். அவளை யாரும் கை கொடுத்துத் தூக்கவில்லை. தானாகவே எப்படியோ எழுந்து வீட்டுக்குப் போனாள்.

கண்டக்டரின் காலை இழுத்துப் பார்த்தாள். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்" என்றார் அவர், டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர் மாதிரி. "எனக்கு ஏற்கெனவே ரெண்டு சிவப்பு. இன்னொண்ணு விழுந்தா பதினஞ்சு நாள் அம்போ. உன் மாச சம்பளத்துல பாதி வாடகை காருக்குப் போயிடும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நீ வீட்டுக்கு வந்து அந்த நம்பரைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்கணுமே."

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபத்தை முன்னால் விட்டாள். "இதோ பாருங்க. வியாழக்கிழமை முழு நாலு மணி நேரமும் உட்கார்றீங்க. ஒரு நிமிஷம் குறையக் கூடாது. வண்டி போனா போகட்டும், புள்ளி சிவப்பானா ஆகட்டும்."

"உன் வேலை?"

"என் வேலையை நான் பார்த்துக்கறேன். உட்காருவீங்களா மாட்டீங்களா?"

"உட்கார்றேன்" என்றார் கண்டக்டர். முப்பது வருஷம் சில்லறை இல்லை என்று பொய் சொல்லிப் பழகிய முகம். அதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

புதன்கிழமை காலை நிறுவனர் மேடைப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், நடுநடுவே தலையாட்டினார். கண்ணாடிப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. "எங்ககிட்ட வாசல் டேட்டா மட்டும்தான் இருக்கு அக்கா. உள்ள எப்ப இறங்கறாங்கன்னு தெரியாது" என்று மெல்லச் சொன்னாள்.

"அக்கா, இதை நீங்க நெகட்டிவா பார்க்கறீங்க" என்றார் நிறுவனர். "யூசர்ஸ் நம்ம புராடக்டுக்காகத் தங்களோட பழக்கத்தையே மாத்தியிருக்காங்க. இதைவிட ஒரு கம்பெனிக்கு என்ன வேணும்? இதுதான் லவ்."

"தம்பி, அவங்களுக்கு ரத்தம் அரைகுறையா சுத்தமாகுது. ஒருநாள் யாராவது வண்டியிலேயே போயிடுவாங்க."

"கண்டிப்பா சரி பண்ணலாம். டாப் பிரையாரிட்டி. நாளைக்கு ஒரு நாள் மட்டும் போகட்டும். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பேசலாம்." அவர் அவள் தோளைத் தொட்டார். "உங்க எமோஷன் இருக்கு பாருங்க, அதை அப்படியே நாளைக்கு மேடைக்குக் கொண்டு வாங்க."

கொண்டுபோனாள்.

வியாழக்கிழமை ஹாலில் நூறு பேர் இருந்தார்கள். முன்வரிசையில் எட்டு முதலீட்டாளர்கள், முன்னால் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மேடையின் பின்சுவர் முழுக்க நகரத்தின் வரைபடம், அதில் எறும்பு ஊர்கிற மாதிரி புள்ளிகள். 'இன்று இதுவரை' என்று போட்டு ஒரு மூலையில் பயணங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. நிறுவனர் மருத்துவத்தையும் மனிதநேயத்தையும் மாறி மாறிப் பேசிவிட்டு, பத்து ஐம்பத்தெட்டுக்கு அக்காவை மேடைக்கு அழைத்தார்.

"இவங்க எங்க அக்கா. இவங்க வீட்டுக்காரர் இப்ப, இந்த நிமிஷம், டயாலிசிஸ் முடிச்சு வெளிய வர்றார். பாருங்க."

வரைபடம் பெரிதானது. ஆஸ்பத்திரி வாசல். பதினோரு மணிக்கு ஒரு மஞ்சள் புள்ளி வந்து அங்கே நின்றது. பக்கத்தில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்தது. ஒரு வினாடி, ரெண்டு வினாடி.

நூறு பேரும் அது பச்சையாக வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பாக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் மேடையில் நின்றிருந்தாள். ஐந்து நிமிடம் அப்படியே நிற்கட்டும், இந்த ஹாலே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கட்டும், நூறு பேர் நடுவில் என் மானம் போகட்டும், அவர் ஒன்பதாம் நம்பரில் படுத்திருந்தால் போதும். அக்கா அவ்வளவு மனசாரக் கடவுளைக்கூடக் கும்பிட்டதில்லை. இருபது வினாடி. முப்பது. நிறுவனர் உதட்டை நக்கினார். நாற்பது.

புள்ளி பச்சையானது. நகர்ந்தது.

ஹால் அதிர்ந்தது. 'காத்திருந்த நேரம்: 41 வினாடி' என்று திரை முழுக்க எழுத்து மலர்ந்தது. பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். பதினோரு மணி நாற்பத்தொரு வினாடிக்கு வண்டியில் இருக்கிறார் என்றால் பத்து இருபதுக்கே எழுந்துவிட்டார் என்று அர்த்தம். வாக்குக் கொடுத்த மனுஷன்.

நிறுவனர் மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

"நீங்க கைதட்டறீங்களே" என்றாள் அக்கா, "எதுக்குன்னு தெரியுமா? அவர் பதினொண்ணு வரைக்கும் மெஷின்ல இருக்கணும். நாற்பது நிமிஷம் முன்னாடியே ஊசியைப் பிடுங்கிட்டு ஓடி வந்திருக்கார். உடம்புல மூணு கிலோ தண்ணி தேங்கிக் கிடக்கு. இவர் மட்டும் இல்ல, எல்லாருமே அப்படித்தான் ஓடி வர்றாங்க. எங்க வண்டி நிக்காதுங்கறதால. அந்தப் பதினாறு நிமிஷம் நாங்க குறைச்சது இல்லைங்க. அவங்க உசிருல இருந்து அவங்களே வெட்டிக் கொடுத்தது."

நிறுவனரின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. கண்ணாடிப் பெண் ஓரத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். அவர்தான் எட்டு பேரிலும் பெரிய கை.

"மிக்க நன்றி. இவ்வளவு நேர்மையான பேச்சை நான் எந்த மேடையிலயும் கேட்டதில்லை" என்றார். குரலில் உண்மையான உருக்கம் இருந்தது. "ஒரு சின்ன சந்தேகம். ஒரு ஷிஃப்டுக்கு நாற்பது நிமிஷம் மிச்சம்னா, மூணு ஷிஃப்டுக்கு ஒரு மெஷின்ல ரெண்டு மணி நேரம் காலியா இருக்கு. சரிதானே? அதை யாராவது யூஸ் பண்றாங்களா?"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. நிறுவனருக்குப் புரிந்துவிட்டது. உறைந்த சிரிப்பு உருகி ஓடியது.

"எக்ஸாக்ட்லி சார். அதுதான் எங்க அடுத்த கட்டம்" என்றார், நாற்பது வினாடிக்கு முன்னால்வரை பிறக்கவே பிறக்காத அந்த அடுத்த கட்டத்தை. "வண்டி ஒரு ஆரம்பம்தான். நாங்க உண்மையில ஆஸ்பத்திரி மெஷினோட நேரத்தைத்தான் விடுவிக்கிறோம்."

எட்டு பேரும் ஒரே சமயத்தில் குறிப்பு எடுத்தார்கள். அக்கா மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, மேடை ஓரத்துக்குப் போய்ப் புருஷனுக்குப் போன் போட்டாள். அவள் நிற்பதை யாரும் இப்போது பார்க்கவில்லை.

"ஏறிட்டேன், ஏறிட்டேன்" என்றார் கண்டக்டர் எடுத்ததுமே. மூச்சு இரைத்தது. "வந்துச்சா பெரிசா?"

"ஏங்க இப்படிப் பண்ணீங்க? நான் அவ்வளவு சொல்லியும்..."

"அது எப்படி? மகிழ்ச்சி அதிகாரியோட புருஷனுக்கே சிவப்பு விழுந்துச்சுன்னு அத்தனை பேர் முன்னாடி காட்டினா உனக்கு எப்படி இருக்கும்? இன்னிக்கு மட்டும்தான். சனிக்கிழமை பிடிச்சு முழுசா உட்கார்ந்துடறேன்." அவர் சொல்லிக்கொண்டே இருமினார். அது வறட்டு இருமல் இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

அவள் சிஸ்டருக்குப் போட்டாள். "உடனே திருப்பிக் கூட்டிட்டு வாங்க" என்றார் சிஸ்டர். "டாக்டர் இங்கதான் இருக்கார். மறுபடி மெஷினுக்குப் புது குழாய் செட் போட்டு, மறுபடி குத்தி, தண்ணியையாவது எடுக்கணும்ங்கறார். இந்த இருமலோட வீட்டுக்குப் போக வேணாம்."

மறுபடி புருஷனுக்கு. போனை டிரைவரிடம் கொடுக்கச் சொன்னாள். பழைய பதினோரு பேரில் ஒருவர், மீசைக்காரர்.

"வண்டியைத் திருப்புங்க."

"திருப்பறேன் அக்கா, அதுக்கென்ன. ஆனா நடுவுல திருப்பினா டிரிப் கேன்சல்னு விழும், என்னைத் தூக்கிடுவாங்க. இங்கயே டிரிப் முடிஞ்சதுன்னு அழுத்திட்டு, ஆஸ்பத்திரிக்குப் புதுசா ஒண்ணு அய்யா போன்லயே போட்டுடறேன்."

"எதையாவது அழுத்துங்க. சீக்கிரம் போங்க."

பின்னால் திரையில் பச்சைப் புள்ளி ஒரு தெரு முனையில் நின்றது. 'பயணம் நிறைவு: 6 நிமிடம்' என்று எழுத்து மலர்ந்தது. அடுத்த கணமே அதே இடத்தில் மஞ்சளாகி, உடனே மறுபடியும் பச்சையாகி, வந்த வழியே திரும்பி ஓடத் தொடங்கியது. 'காத்திருந்த நேரம்: 0'.

"பாருங்க, பாருங்க!" என்றார் நிறுவனர், தன் கண்ணைத் தானே நம்பாமல். "முடிச்ச உடனே ரெண்டாவது புக்கிங். அதே யூசர். வெயிட்டிங் ஜீரோ!"

ஹாலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அக்கா கழுத்து அட்டையைக் கழற்றி, தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். பஸ் பிடித்தாள். மூன்றாவது நிறுத்தத்துக்குள் போனில் கம்பெனியின் வாட்ஸப் குழுவில் ராக்கெட் படங்கள் வந்து குவிந்தன. பெரிய கை சம்மதித்துவிட்டாராம். அந்த நாற்பது நிமிடத்துக்காக மட்டுமே சம்மதித்தாராம். 'எல்லாம் அக்காவோட எமோஷன்!' என்று நிறுவனர் எழுதியிருந்தார். 'நான் நின்னுட்டேன் தம்பி, இனி வரமாட்டேன்' என்று அவள் பதில் போட்டாள். அதற்கு நாற்பது பேர் இதயம் அனுப்பினார்கள்.

வார்டில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஒன்பதாம் நம்பரில் அவர் சாய்ந்து படுத்திருந்தார், மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கையில் காலையில் குத்திய ரெண்டு ஓட்டையும் இன்னும் ஈரமாக இருந்தன. அவற்றுக்கு மேலே வேறு இடம் தேடிச் சிஸ்டர் விரலால் தடவிக்கொண்டிருந்தார். முதல் ஊசி இறங்கியது. கண்டக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"கைதட்டினாங்களா?" என்றார்.

அக்கா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, ஊசி இல்லாத கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டினாங்க. ரெண்டு தடவை."

"ரெண்டு தடவையா!" என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பாக, ரெண்டாவது ஊசிக்குக் கையை நீட்டினார்.